டிரான்சிஸ்டர் சார்புச் சுற்று

டிரான்சிஸ்டர் சார்புச் சுற்று என்பது, ஒரு டிரான்சிஸ்டர் (திரிதடையம்) குறிகையைத் திரிபின்றிப் பெருக்குவதற்குத் தேவையான நேர்மின்னழுத்தங்களையும் மின்னோட்டங்களையும் அதற்கு அளிக்கும் மின்தடையங்களின் அமைப்பு ஆகும். குறிகை இல்லாதபோது நிலவும் இம்மதிப்புகள் இயங்குபுள்ளி எனப்படும்.

பின்னணி

டிரான்சிஸ்டர் 1947 இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டிகள் இதனால் பரவலாயின. மின்னிணைப்பு இல்லாத சிற்றூர்களிலும் இவற்றைக் கேட்க முடிந்தது. 1960களில் திருச்சி வானொலி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியே தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஏடிடீ 27 என்னும் நெல் வகை, உழவர்களிடையே "ரேடியோ நெல்" என்றே பெயர் பெற்றது. கோடை வெயிலிலும் அத்தகைய பெட்டிகள் ஒரே சீராக ஒலிக்கச் சார்புச் சுற்று சரியாக அமைந்திருக்க வேண்டும்.

கணக்கீடு

1.5 வோல்ட் மின்கலங்கள் நான்கினால் இயங்கும் சிலிக்கான் என்பிஎன் டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடிவாயிலிருந்து மின்கலத்தின் நேர்முனைக்கு 33 கிலோ ஓம், தரைக்கு 12 கிலோ ஓம், ஏற்பானில் 2.2 கிலோ ஓம், உமிழ்ப்பானில் 1 கிலோ ஓம் மின்தடையங்கள் உள்ளன.

* அடிவாய் மின்னழுத்தம்: 6 × 12 ÷ 45 = 1.6 வோல்ட்
* உமிழ்ப்பான் மின்னழுத்தம்: 1.6 − 0.6 = 1.0 வோல்ட்
* உமிழ்ப்பான் மின்னோட்டம்: 1.0 ÷ 1 = 1 மில்லிஆம்பியர்; ஏற்பான் மின்னோட்டமும் ஏறத்தாழ இதுவே
* ஏற்பான் மின்னழுத்தம்: 6 − 2.2 = 3.8 வோல்ட்
* ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே: 3.8 − 1.0 = 2.8 வோல்ட்

மின்னோட்டப் பெருக்கம் 100 எனில் அடிவாய் மின்னோட்டம் 0.01 மில்லிஆம்பியர் மட்டுமே. பகுப்பானில் ஓடுவது 0.13 மில்லிஆம்பியர். எனவே முதற்கணக்கில் அடிவாய் மின்னோட்டத்தைப் புறக்கணிக்கலாம். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் உமிழ்ப்பான் மின்னோட்டம் 0.92 மில்லிஆம்பியர் ஆகும்.

நிலைப்புத்தன்மை

ஒரே வகை டிரான்சிஸ்டர்களிலும் பெருக்கம் வெவ்வேறாக இருக்கும். பெருக்கம் 200 ஆனால் மேற்கண்ட சுற்றில் மின்னோட்டம் 0.96 மில்லிஆம்பியருக்கே உயரும். மாறாக, பகுப்பானும் உமிழ்ப்பான் மின்தடையமும் இன்றி, 540 கிலோ ஓம் மின்தடையம் ஒன்றை மட்டும் அடிவாயில் இணைத்தால், 1 மில்லிஆம்பியராக இருந்த ஏற்பான் மின்னோட்டம் 2 ஆக இரட்டிக்கும். பெருக்கம் 300 எனில் டிரான்சிஸ்டர் தெவிட்டுநிலையை அடைந்து, பெருக்கியாகச் செயல்படாது.

வெப்பநிலை ஒவ்வொரு பாகை செல்சியசு உயரும்போதும் அடிவாய்-உமிழ்ப்பான் மின்னழுத்தம் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். 25 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்ந்தால் இது 30 மில்லிவோல்ட். மின்னோட்டம் கூடும்போது உமிழ்ப்பான் மின்னழுத்தமும் கூடி, அவ்வுயர்வைத் தடுக்கிறது. ஆகவே இம்மாற்றத்தால் மின்னோட்டம் சுமார் 3 விழுக்காடே உயரும்.

பழுது அறிதல்

கணக்கிட்ட மதிப்புகளைப் பன்னோக்கு அளவியால் ஒப்பிட்டுப் பழுதைக் கண்டறியலாம். அடிவாயில் 1.6 வோல்ட் இருந்தும் உமிழ்ப்பானில் 0, ஏற்பானில் 6 வோல்ட் எனில் அடிவாய்-உமிழ்ப்பான் சந்தி அறுந்திருக்கக்கூடும். மூன்றிலும் முறையே 0, 0, 6 வோல்ட் எனில் 33 கிலோ ஓம் மின்தடையத்தை முதலில் சோதிக்க வேண்டும்.