சட்டத்துக்கு வர 148 வருடம்

எங்கள் ஐயங்கார்குளத்தில் பம்புசெட் ஒயரை எலி கடித்து மேலுறை போனால் மோட்டார் விட்டுவிட்டு ஓடும். மல்டிபிள் ஸ்களீரோசிஸ் நோயும் ஏறக்குறைய அப்படித்தான். மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிறது. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், அசதி ஆளைத் தள்ளும்.

1868-இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இதைத் தனி நோயாக விளக்கினார். உடல் சூடேறினால் பார்வை மங்குவதை 1890-இல் ஜெர்மனியின் ஊட்ஹோஃப் எழுதினார். கத்திரி வெயிலில் இவர்கள் பாட்டை யோசியுங்கள்! வெளியே தெரியாததால் ‘சோம்பேறி’ப் பட்டம் வேறு.

நம் 1995 ஊனமுற்றோர் சட்டத்தின் ஏழு வகைகளில் இது இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் சேர்ந்தது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு இருக்க வேண்டும். இந்த மாதம் நடக்க முடியாதவர் அடுத்த மாதம் நடக்கலாம். எந்த நாளில் அளப்பது?