எலிசபெத் காட்டனின் இடக்கை: நாட்டார் பாடலும் ஆசிரியர் உரிமையும்

நாட்டார் பாடலுக்குத் தனி ஆசிரியர் இல்லை, மக்களே அதன் ஆசிரியர் என்ற கருத்து ஆய்வுலகில் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. மக்களைப் பெருமைப்படுத்தும் இக்கருத்து, பாடலைக் கட்டியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை அழிக்கவும் இடம் தருகிறது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் எலிசபெத் காட்டனின் (1893–1987) வாழ்வு இதற்குச் சான்று.

வட கரோலினாவின் கார்பரோவில் பிறந்த காட்டன், அண்ணன் வேலைக்குப் போன நேரங்களில் அவருடைய பாஞ்ஜோவை எடுத்து வாசித்துப் பழகியவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர்; ஆனால் இரவல் கருவியின் தந்திகளை மாற்றிக் கட்ட முடியாது. ஆகவே கருவியையே திருப்பிப் பிடித்தார். வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் 3.75 டாலருக்கு ஒரு ஸ்டெல்லா கிடார் வாங்கிய பிறகும் அந்தப் பிடி மாறவில்லை. வழக்கமாகக் கட்டைவிரல் தடித்த தந்திகளையும் மற்ற விரல்கள் மெட்டையும் மீட்டும். காட்டனிடம் இது தலைகீழானது: மெட்டு கட்டைவிரலுக்கு வந்தது. ‘காட்டன் பிக்கிங்’ என இன்று வழங்குவது இந்த மீட்டல்தான். வீட்டருகே ஓடிய ரயிலின் நினைவில் ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பாடலைக் கட்டியபோது அவர் இன்னும் சிறுமி.

திருமணத்துக்குப் பின், உலகியல் இசை கூடாது என்ற தேவாலயத்தாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பல பத்தாண்டுகள் கிடாரைத் தொடாமலே இருந்தார். 1940களின் பிற்பகுதியில் வாஷிங்டன் கடையொன்றில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்த சிறுமி பெக்கியைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய் இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர். அந்த அறிமுகத்தால் சீகர் வீட்டில் பணிப்பெண்ணானார். நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த அந்தக் குடும்பம், தன் அடுக்களையில் நின்றவர் யார் என்பதைப் பின்னரே அறிந்தது.

பெக்கி சீகர் ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ பாடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1957இல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய இசைத்தட்டு அங்கே பெருவெற்றி பெற்றது; ஆசிரியர்களாகப் பதிவானவர்களோ பால் ஜேம்ஸ், ஃபிரெட் வில்லியம்ஸ் என்ற இருவர். சீகர் குடும்பத்தார் தலையிட்ட பிறகே காட்டனின் உரிமை ஏற்கப்பட்டது. வாய்மொழியில் பிறந்த பாடலை முதலில் தாளில் ஏற்றியவரே அதற்கு உரியவர் ஆகிவிடும் நிலை இதில் வெளிப்படுகிறது.

இதற்கு நேர்மாறான பயணமும் காட்டனின் தொகுப்பிலேயே உண்டு. சீகர் குடும்பத்தைச் சேர்ந்த மைக் சீகர் பதிவுசெய்து 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட காட்டனின் முதல் இசைத்தட்டில் ‘வாஸ்டபோல்’ என்ற கிடார் இசை இடம்பெற்றது. அதன் மூலம், ஹென்றி வொரல் 19ஆம் நூற்றாண்டில் அச்சில் வெளியிட்ட ‘செபஸ்டபோல்’. அச்சிலிருந்து வாய்க்கும் கைக்கும் இறங்கிய இசை வொரலின் பெயரை இழந்தது. வாயிலிருந்து அச்சுக்கு ஏறிய பாடல் காட்டனின் பெயரை இழந்தது. இழப்பு இரண்டிலும் உண்டு என்றாலும், இரண்டாவதில்தான் பணம் கைமாறியது. ஏமாந்தவரோ வீட்டு வேலை செய்து பிழைத்த கறுப்பினப் பெண்.

அப்படியானால் கூட்டுப் படைப்பு என்பதே பொய்யா? இல்லை. ‘ஷேக் ஷுகரீ’ பாடலின் வரிகளைக் காட்டனின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் சேர்ந்தே கட்டினர். 1967இல் வெளியான இசைத்தட்டில் அதைப் பாடியவர் அவர்களுள் ஒருவரான பிரெண்டா எவான்ஸ். கூட்டாகப் பிறந்த பாடலிலும் ஆட்களை அடையாளம் காண முடிகிறது. அவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது தொகுப்பாளரின் கடமை.

1984இல் தேசிய மரபுக் கலை விருதும், மறு ஆண்டு கிராமி விருதும் காட்டனுக்குக் கிடைத்தன. 2022இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தொடக்ககாலத் தாக்கங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவருடைய உரிமைக்கு உறுதியான சாட்சி அந்த மீட்டலே. வலக்கைக் கலைஞர் ‘ஃபிரெய்ட் டிரெய்ன்’ வாசிக்கப் பழகும்போது, காட்டன் கட்டைவிரலில் மீட்டிய மெட்டை மற்ற விரல்களுக்கு மாற்றிக்கொண்டுதான் தொடங்குகிறார்.