கோட்டேயும் கோட்டையும்

‘பரங்கி கோட்டேக்குப் போனதுபோல’ என்றொரு பழமொழி சிங்கள மக்களிடையே வழங்குகின்றது. நேர்வழி இருக்கச் சுற்றுவழியிற் செல்வதை அது குறிக்கும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்புத் துறையை அடைந்த போர்த்துக்கேயரின் தூதரை, தலைநகர் அண்மையிலிருப்பது புலனாகாதவாறு மூன்று நாள் சுற்றி நடத்தி அரசனிடம் கொண்டுசென்றனர் என்பது மரபு. இன்று வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ காலையிற் புறப்படுபவர், கோட்டேயையும் கொழும்புக் கோட்டையையும் ஒரே பகலிற் கண்டு மீளலாம்.

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் படையைத் தடுக்கும் பொருட்டு அளகேசுவரன் என்னும் அமைச்சன் கோட்டேயில் அரண் அமைத்தான். தியவன்னா ஆறும் சதுப்பு நிலமும் மூன்று புறமும் காவலாயின. எஞ்சிய புறத்தில் அகழியும் செம்பூரான்கல் மதிலும் எழுந்தன. அமைச்சனின் முன்னோர் சேரநாட்டு வஞ்சியிலிருந்து வந்தோர். கோட்டை என்னும் நம் சொல்லே ஊர்ப்பெயருமாயிற்று.

ஆறாம் பராக்கிரமபாகு 1415இல் இந்நகரிற் கொலுவீற்றிருந்து, 1467 வரை ஆண்டான். அவன் வளர்ப்பு மகன் சப்புமால் குமாரன், நம்மவர் செண்பகப் பெருமாள் என அழைக்கும் வீரன், 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். ஆயினும் தமிழரசனைத் தடுக்க எழுந்த மதிலுக்குள் தமிழ் அயன்மொழியாக இருக்கவில்லை. மன்னன் மகளின் பெயர் உலகுடைய தேவி. முன்னேசுவரம் கோயிலுக்கு அம்மன்னன் வழங்கிய கொடையைக் கூறும் சாசனத்திலும் தமிழ் இடம்பெற்றுள்ளது.

இத்தகைய நகரை வீழ்த்தியது பகைவன் படையன்று, உடன்பிறந்தாரின் பூசலே. 1521இல் தந்தையைக் கொல்வித்த மைந்தர் மூவர் அரசைப் பங்கிட்டனர். மூத்தவனான ஏழாம் புவனேகபாகுவுக்குக் கோட்டேயும், மாயாதுன்னைக்குச் சீதாவாக்கையும் வாய்த்தன. தம்பிக்கு அஞ்சிய தமையன் போர்த்துக்கேயரின் துணையை நாடினான். பேரன் தர்மபாலனின் பொற்பாவையை லிசுபனுக்கு அனுப்ப, 1543இல் போர்த்துக்கல் மன்னன் அதற்கு முடிசூட்டினான். 1551இல் களனியிற் போர்த்துக்கேயன் ஒருவனின் துப்பாக்கிக் குண்டுக்குப் புவனேகபாகு இரையானான். அரியணையேறிய தர்மபாலன் 1557இல் கிறித்தவனானான். சீதாவாக்கையின் தாக்குதலைத் தாங்கவியலாது, 1565இற் கோட்டே கைவிடப்பட்டது.

அரசன் சென்ற இடம், போர்த்துக்கேயர் கொழும்பிற் கட்டியிருந்த கோட்டை. காவல் தேடிச் சென்றவன் அங்கே காவலிலுள்ளவன் போலானான். 1580இல் தன் அரசைப் போர்த்துக்கல் மன்னனுக்கு உரித்தாக எழுதிக்கொடுத்து, 1597இல் அம்மதில்களுக்குள்ளேயே உயிர்துறந்தான். தூதரிடம் மறைக்கப்பட்ட வழியில், அரசனே தன் நாட்டைக் கொண்டுபோய் ஒப்படைத்தான்.

இன்று கோட்டேயில் அகழியின் கூறுகளும், குடிமனைகளிடையே சிதைந்த மதிலும் எஞ்சியுள்ளன. கொழும்புக் கோட்டை 1656இல் ஒல்லாந்தரிடமும், 1796இல் ஆங்கிலேயரிடமும் சென்றது; 1869 முதல் அதன் மதில்களும் இடிக்கப்பட்டன. எஞ்சியது பெரும்பாலும் பெயரே. கோட்டேயின் நீர்நிலை நடுவே 1982இல் நாடாளுமன்றம் எழுந்தது. அங்கே செல்வோர், உட்பகை பிளந்த அரசை எம்மதிலும் காக்கவில்லை என்பதை அச்சிதைவுகளிடையே உணரலாம்.