மண்ணெண்ணெயில் ஓடிய கார்

"காரின்ர கம்ப்யூட்டரை ரீமேப் செய்வமோ?" எண்டு மச்சான் கேட்டான். எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் மென்பொருளில் மாற்றினால் இழுவை கூடும்.

எனக்கு வீட்டில சொல்லிக் கேட்ட 1990களின் யாழ்ப்பாணம்தான் நினைவில் வந்தது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின்கள் எண்டபடியால் தாங்கின. ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து, அதை நீர்த்துப்போகச் செய்யும், தேய்மானம் கூடும். தெரிந்தேதான் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேற வழி?

ரீமேப் செய்தாலும் கூடுற சூட்டையும் அழுத்தத்தையும் அதே எஞ்சின்தான் தாங்கோணும்.

"உனக்கு என்னத்துக்கு?" எண்டன்.

"சும்மா, ஸ்பீடுக்கு."

"அப்ப விடு."