நாள் பிறந்த இடம்

தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பத்துக்குத் தெற்கே எல்லை தாண்டினால் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. ஆகஸ்டு நடுவில் இந்தச் சிறு தொலைவுக்குள் எத்தனை நாள்கள் வந்து சேர்கின்றன! 15ஆம் தேதி விடுதலை நாள். 1872இல் அரவிந்தர் பிறந்ததும் அதே தேதி. மறுநாளான 16 புதுச்சேரிக்கே உரியது. தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த கோட்டக்குப்பம் 1947இலேயே விடுதலை கண்டுவிட்டது. பக்கத்தில் பிரெஞ்சு ஆட்சி விலக 1954 நவம்பர் 1 ஆயிற்று. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 18 அன்று, கீழூரில் கூடிய 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்திருந்தார்கள். சட்டப்படி உரிமை கைமாறியது 1962 ஆகஸ்டு 16இல்.

இத்தனையையும் ‘நாள்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். அந்தச் சொல்லோ வானத்துச் சொல். சங்கப் புலவர்கள் நாள்மீன், கோள்மீன் என இருவகை மீன்களைச் சொன்னார்கள். இடம் பெயர்ந்து திரிபவை கோள்மீன். நிலா தன் சுற்றில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து செல்லும் அசுவதி முதலிய இருபத்தேழும் நாள்மீன். ஒருவர் பிறந்த நாள் என்றால் அவர் பிறந்தபோது நிலா நின்ற மீன் என்றே பொருள். விடியற்பொழுதையும் ‘நாள்’ குறித்தது. காலைக் கடைத்தெரு நாளங்காடி ஆனது அப்படித்தான்.

அரசனின் பிறந்தநாளைத் தொல்காப்பியம் பெருமங்கலம் என்கிறது. அன்று அவன் சினம் விடுவான். வெள்ளாடை உடுத்துவதால் வெள்ளணி என்றும் அதற்குப் பெயர் வந்தது. வெற்றிவிழாவை விட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது: பகை ஒதுக்கும் நாளே அரசனுக்குச் சிறந்த நாள் என்று கருதியிருக்கிறார்கள். முதலாம் இராசராசனுக்கு ஐப்பசிச் சதயம், இராசேந்திரனுக்கு ஆடித் திருவாதிரை. தஞ்சையில் சதயவிழா இன்றும் மீனைப் பார்த்தே வருகிறது. வைணவர்கள் ஆழ்வார் பிறந்தநாளைத் திருநட்சத்திரம் என்றே சொல்கிறார்கள்.

முஸ்லிம்கள் நிறைந்து வாழும் கோட்டக்குப்பத்தில் இந்தச் சொல் இன்னும் வானத்தோடு ஒட்டியே இருக்கிறது. நோன்புப் பெருநாள் பிறை தெரிந்தால்தான் நாளை. சூரியன் மறையும் மஃரிபோடு புதிய நாள் தொடங்குவதால் வியாழன் பொழுது சாய்ந்ததும் அது வெள்ளி இரவு. பிறை ஆண்டுக்கு 354 நாள்தான்; ஆகவே பெருநாளும் நபி பிறந்த மீலாதும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குள் மழை, பனி, வெயில் எல்லாப் பருவத்தையும் தொட்டுவிடும். ஆங்கிலத் தேதியை வைத்துக்கொண்டு தேடினால் இவை பிடிபடா.

தேதிக் கணக்கில் பிடிபடுபவர் கவிஞர் பாரதிதாசன். 1891 ஏப்ரல் 29இல் புதுச்சேரியில் பிறந்தவர், 1964 ஏப்ரல் 21இல் மறைந்தார். அவர் பிறந்த தேதியில் தொடங்கி மே 5 வரை தமிழ் வார விழா என 2025இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எல்லைக்கு இப்பால், கோட்டக்குப்பம் வரை அது அரசு விழா. அப்பால், பெருமாள் கோயில் தெருவில், அவர் வாழ்ந்த வீடே அருங்காட்சியகம்.