காயமுற்றவனுக்குக் காயமுற்றவனே துணை

போர் முடிந்துவிட்டது என்று அரசு அறிவிக்கும் நாளும், அது முடிந்துவிட்டது என்று போர்வீரனின் உள்ளம் ஏற்றுக்கொள்ளும் நாளும் ஒன்றல்ல. முன்னது ஏட்டில் பதிவாகிறது. அதற்கு விழாவும் உண்டு, நினைவுத் தூணும் உண்டு. பின்னதற்கு ஏடும் இல்லை, விழாவும் இல்லை. சிலருக்கு அந்த நாள் வருவதே இல்லை. நள்ளிரவில் அலறி எழுபவர்களாகவும், சிறு ஓசைக்கும் நடுங்குபவர்களாகவும், நினைவை மழுங்கச் செய்யும் பொருட்டு மதுவையும் போதைப் பொருளையும் நாடுபவர்களாகவும் அவர்கள் தம் வீட்டிலேயே அகதிகளைப் போல வாழ்கின்றனர்.

இத்தகைய முன்னாள் படைவீரர்களுக்கு இன்று அமெரிக்க நாட்டில் இணையத்தின் வழியாக மனநல மருத்துவம் அளிக்கப்படுகிறது. அதனோடு, தம்மைப் போலவே போரைக் கண்டு, போதையில் வீழ்ந்து, பின்பு எழுந்து நின்ற சக வீரர் ஒருவரின் தோழமையும் அதே திரையின் வழியாகக் கிடைக்கிறது. இதை அறிவியலின் அரும்புதுமை என்று வியப்போரும் உளர்; கண்ணாடித் திரையின் முன் அமர்ந்தால் உள்ளக் காயம் ஆறுமா என்று ஐயுறுவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் வரலாறு சொல்லும் விடை ஒன்றுண்டு. அதைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

திருச்சபை அறிந்திருந்த காயம்

படைவீரனின் உள்ளக் காயத்தை இருபதாம் நூற்றாண்டு மருத்துவமே முதலில் கண்டது என்று எண்ணுவோமானால் நாம் தவறுகிறோம். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் புனித பெரிய பசிலியார், போரில் உயிர் பறித்தலைக் கொலைக் குற்றத்தோடு நம் முன்னோர் சேர்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆயினும், குருதி படிந்த கைகளோடு போர்க்களத்திலிருந்து திரும்புவோர் மூன்று ஆண்டுகள் நற்கருணை விருந்திலிருந்து விலகியிருப்பது நலம் என்று அறிவுரை கூறுகிறார்.

1066-ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மானியர் வெற்றி பெற்றனர். அதன்பின் சில ஆண்டுகளுக்குள், திருத்தந்தையின் தூதர் எர்மன்ஃபிரிட் முன்னிலையில் நார்மண்டி ஆயர்கள் அவ்வீரர்களுக்குத் தவ ஒழுங்கு ஒன்றை வகுத்தனர். தான் கொன்றதாக அறிந்த ஒவ்வோர் உயிருக்கும் ஓராண்டுத் தவம். காயப்படுத்தி, அவன் பிழைத்தானா மாண்டானா என்று அறியாதவனுக்கு ஆளுக்கு நாற்பது நாள் தவம். தன் அம்பு எத்தனை பேரை வீழ்த்தியது என்றே அறிய முடியாத வில்லாளிக்கு மூன்று தவக்காலங்கள்.

இன்றைய கண்ணுக்கு இவை கடுமையாகத் தோன்றலாம். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தவம் தோற்றவர்மேல் சுமத்தப்படவில்லை, வென்றவர்மேல் சுமத்தப்பட்டது. வெற்றியும் காயப்படுத்தும் என்பதை அந்த ஆயர்கள் உணர்ந்திருந்தனர். அக்காயத்திற்கு ஒரு கால அளவையும் ஒரு வழியையும் வகுத்தனர். முடிவில் இறைமக்கள் குழுமத்துக்குள் திரும்பும் வாயிலையும் திறந்து வைத்தனர். சொல்லமுடியாத ஒன்றைச் சுமந்து வந்தவனை, 'நீ வீரன், மகிழ்ந்திரு' என்று முதுகில் தட்டி அவர்கள் அனுப்பிவிடவில்லை.

பெயரற்ற நோய்க்குப் பெயர்

பிற்கால நூற்றாண்டுகளில் இந்த ஞானம் மங்கிப்போயிற்று. முதல் உலகப் போரில், பீரங்கிக் குண்டுகளின் நடுவே பேச்சிழந்தும் நடையிழந்தும் நடுங்கியும் நின்ற வீரர்களைக் கண்ட பிரித்தானிய மருத்துவர் சார்லஸ் மையர்ஸ், 1915-இல் ஒரு மருத்துவ இதழில் 'குண்டு அதிர்ச்சி' என்னும் பெயரால் அந்நிலையை விவரித்தார். மருத்துவர் நோய் என்றதைப் படைத்தலைமை கோழைத்தனம் என்றது. களத்தை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் பேரரசுப் படையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள் 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டில்தான் அந்நாடு மன்னிப்பு வழங்கியது. அதாவது, அவர்களுடைய பிள்ளைகளும் முதுமையடைந்து மறைந்துகொண்டிருந்த காலத்தில்!

அதே போரில் அமெரிக்கப் படையின் மனநல மருத்துவத்திற்குப் பொறுப்பேற்ற தாமஸ் சால்மன், அதிர்ச்சியுற்ற வீரனைத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பாமல், போர்முனைக்கு அருகிலேயே, காலம் தாழ்த்தாமல், மீண்டும் தன் தோழர்களோடு சேர்வான் என்னும் நம்பிக்கையூட்டி நலப்படுத்த வேண்டும் என்றார். அவனைத் திரும்பவும் போருக்கு அனுப்புவதே இதன் நோக்கம் என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும் அதனுள் ஓர் உண்மை பொதிந்திருந்தது: தோழர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட வீரனின் காயம் ஆழமாகிறது, தோழமை என்பது மருந்தோடு சேரும் அனுபானம் அன்று, அதுவே மருந்தின் ஒரு பகுதி.

ஒரு தொலைபேசி அழைப்பு

இவ்வுண்மை குடிநோயாளர் நடுவே வேறொரு வழியில் வெளிப்பட்டது. பில் வில்சன் என்பவர் முதல் உலகப் போர்க்காலத்தில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தவர். அக்காலத்தில்தான் முதன்முதலாக மதுவைச் சுவைத்தவர். அவருடைய குடிக்குப் போர்முனையே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் படைமுகாமில் கையிலெடுத்த கோப்பை அவரைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அடிமைப்படுத்தியது.

1935-ஆம் ஆண்டு மே மாதம், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், தொழில் முயற்சி ஒன்றில் தோல்வியுற்று ஓகையோ மாநிலத்து அக்ரன் நகர விடுதியொன்றில் அவர் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம். மறுபுறம் ஒரு தொலைபேசி. அருகில் அந்நகர ஆலயங்களின் பட்டியல். அவர் தொலைபேசியை எடுத்து ஒரு போதகரை அழைத்தார். தம்மைப் போன்ற குடிநோயாளர் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பின் தொடர்ச்சியாக அறுவை மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்மித்தும் தீராக் குடியர். மருத்துவர்களின் அறிவுரைக்கு அசையாத அவருள்ளம், வீழ்ந்தவர் ஒருவர் தம் வீழ்ச்சியைச் சொல்லக் கேட்டபோது அசைந்தது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை இயக்கம் இவ்வாறே பிறந்தது. ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10 அதன் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நம் திருச்சபை அதன் தொட்டிலருகே நின்றது. அக்ரன் நகரப் புனித தோமா மருத்துவமனையில் நோயாளர் சேர்க்கைக்குப் பொறுப்பாயிருந்த அருட்சகோதரி இஞ்ஞேசியா, தாமும் ஒரு காலத்தில் உள்ளமும் உடலும் நொறுங்கிக் கிடந்தவர். குடியர்களை மருத்துவமனைகள் ஏற்க மறுத்த அந்நாளில், 1939-இல், டாக்டர் ஸ்மித்தோடு சேர்ந்து, வயிற்று அழற்சி என்னும் பெயரில் ஒரு குடிநோயாளரைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் அப்பணி வெளிப்படையாக வளர்ந்தது. நலம்பெற்றுச் செல்வோரிடம் இயேசுவின் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுத்து, 'மீண்டும் குடிக்க எண்ணினால், குடிக்குமுன் இதை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும்' என்று உறுதி பெறுவார். வீழும் வேளையில் ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டிய கட்டாயம்! அதுவே பலரைக் காத்தது.

1940-இன் இறுதியில் இயேசு சபைக் குரு எட்வர்டு டவ்லிங் பில் வில்சனைத் தேடி வந்தார். அவ்வியக்கத்தின் பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒப்புமை அவரைக் கவர்ந்திருந்தது. வில்சனோ அப்பயிற்சிகளை அறியாதவர். இஞ்ஞாசியாரும் 1521-இல் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிய படைவீரர்தாம். மன்ரேசாவில் குற்ற உணர்வின் வேதனையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைக்கு உள்ளானவர். படைமுகாமிலிருந்து வந்த இருவர், நான்கு நூற்றாண்டு இடைவெளியில், ஒரே பாதையை ஒத்த வழியில் நடந்திருக்கின்றனர்: உள்ளத்தை ஆராய்தல், மற்றொருவரிடம் அறிக்கையிடல், இறைவனிடம் கையளித்தல், பிறருக்குப் பணிபுரிதல்.

தனியே திரும்பியவர்கள்

இரண்டாம் உலகப் போர் வீரர்களில் பலர் கப்பல்களில், தோழர்களோடு, பல நாள் பயணம் செய்து நாடு திரும்பினர். வியட்நாம் போரிலோ பெரும்பாலான அமெரிக்கத் தரைப்படை வீரர்கள் ஆளுக்கு ஓராண்டு என்று தனித்தனியே அனுப்பப்பட்டுத் தனித்தனியே திரும்பினர். விமானம் ஒன்றிரண்டு நாட்களில் அவர்களைக் காட்டிலிருந்து கடைத்தெருவில் இறக்கிவிட்டது. தங்களுக்குள் பேசித் தீர்க்க இடையில் ஒரு கடல்கூட இல்லை.

1970-இன் இறுதியில் நியூயார்க் நகரில் அவ்வீரர்கள் தாமாகவே சிறு குழுக்களாகக் கூடிப் பேசத் தொடங்கினர். ராபர்ட் லிஃப்டன், கைம் ஷட்டான் என்னும் மனநல மருத்துவர்கள் அவர்களோடு அமர்ந்தனர். அங்கே பேச்சின் போக்கைத் தீர்மானித்தவர்கள் வீரர்களே. அவ்வுரையாடல்களின் விளைவுகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1979-இல் மருத்துவமனைகளுக்கு வெளியே, ஊருக்குள், முன்னாள் வீரர்களே பணியாற்றும் ஆலோசனை மையங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் வழி செய்தது. 1980-இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு முதன்முறையாக இடமளித்தது.

போதையைப் பற்றியும் ஒரு பாடம் கிடைத்தது. லீ ராபின்ஸ் அம்மையாரின் ஆய்வின்படி, வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையானவர்களுள் நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. அடிமைத்தனம் மாற்ற முடியாத விதி என்ற எண்ணத்தை இது தகர்த்தது. ஆயினும் அதிர்ச்சியும் குடியும் பின்னிப் பிணைந்தவர்களின் பாடு கடினமாகவே இருந்தது. 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வா' என்று ஒரு கதவும், 'முதலில் மனத்தைச் சரிசெய்துகொண்டு வா' என்று மற்றொரு கதவும் அவர்களைத் திருப்பி அனுப்பின. இரண்டையும் ஒருங்கே நலப்படுத்தும் முறைகள் 1990-களில்தான் உருப்பெற்றன. உளவியலாளர் லிசா நஜாவிட்ஸ் வகுத்த முறை அவற்றுள் ஒன்று.

திரையின் வழியாக

இந்நீண்ட வழியின் அண்மைக் கட்டமே இணையம். முன்னாள் வீரர்களின் நெருக்கடிக் கால உதவிக்காக 2007-இல் தொடங்கப்பெற்ற தொலைபேசிப் பணி, 2009-இல் இணைய உரையாடலாகவும் 2011-இல் குறுஞ்செய்தியாகவும் விரிந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பி, அளவுமீறிக் குடிக்கும் வீரர்களுக்கென 'வெட்சேஞ்ச்' என்னும் இணையவழிப் பயிற்சி உருவாக்கப்பட்டது. அதை 600 வீரர்களிடம் சோதித்து 2013-இல் முடிவு வெளியிட்டனர். பயிற்சி பெற்றோரிடம், காத்திருந்தோரைவிடக் குடியும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் குறைந்தமை தெரிந்தது. 2020-இல் பெருந்தொற்று ஆலயக் கூடங்களைப் பூட்டியபோது, குடிநோயாளர் தோழமைக் கூட்டங்களும் திரைக்கு இடம்பெயர்ந்தன.

இதன் நன்மைகளை நாம் மறுக்க முடியாது. அமெரிக்க முன்னாள் வீரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நாட்டுப்புறங்களில் வாழ்பவர். மருத்துவமனைக்குச் செல்ல அவர்களில் பலர் நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். தொலைவைவிடப் பெரிய தடை வெட்கம். ஊரார் காணும் வாயிலில் நுழையத் துணியாதவன், இரவு இரண்டு மணிக்கு, பெயர் சொல்லாமல் தட்டக்கூடிய ஒரு கதவு அவனுக்குத் தேவை. வயிற்று அழற்சி என்று எழுதிச் சேர்த்துக்கொண்ட இஞ்ஞேசியா அம்மையார் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்.

எனினும் கதவு வேறு, வீடு வேறு. 2002-இல் வெளிவந்த 'திருச்சபையும் இணையமும்' என்னும் வத்திக்கான் ஏடு, இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று தெளிவாக உரைத்தது. மனுவுருவான கடவுளை நம்பும் நாம் உடலை ஒதுக்கிவிட்டு மீட்பைப் பேச முடியாது. உயிரை மாய்க்க எண்ணுபவனின் கையைத் திரை பற்றிக்கொள்ளாது. அவனுடைய மூச்சில் மதுவின் வாடை வீசுகிறதா என்று அதற்குத் தெரியாது. மனம் திறந்தவனின் இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியையும் அக்கருவி தானாகத் தந்துவிடாது.

ஆனால் அக்ரன் நகரத்துத் தொலைபேசியை நாம் மறக்க வேண்டாம். அதுவும் அக்காலத்து ஒரு கருவியே. அதில் ஒலித்த குரல் யாரையும் குணமாக்கவில்லை. ஆனால் ஒருவரை மற்றொருவரின் வீட்டு வாயிலுக்குக் கொண்டு சேர்த்தது. கருவியை அளக்கும் கோல் இதுவே: அது காயமுற்ற இருவரைச் சந்திக்க வைக்கிறதா, அல்லது தனிமையை இன்னும் வசதியாக்குகிறதா?

உயிர்த்த ஆண்டவர் தம் தழும்புகளை மறைக்கவில்லை. ஐயுற்ற தோமாவிடம் அவற்றையே காட்டினார். தழும்புள்ள கை நீட்டப்படும்போதுதான் காயமுற்றவன் நம்புகிறான். பசிலியாரின் காலத்தில் அக்கை தவத்திற்கும் மீள்வருகைக்கும் வழிகாட்டிய ஆயரிடம் இருந்தது. இன்று அது தொலைதூரத் திரையொன்றில் இருக்கலாம். ஆனால் அவன் எழுந்து கதவைத் திறந்து தெருவுக்கு வரும் நாளில், அங்கே அவனை வரவேற்க ஒரு சமூகம் நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பை எந்த இயந்திரமும் ஏற்காது. அது நம்முடையது.