கடைசிப் பக்கத்துப் பிள்ளைகள்

எந்த இதழையும் முதற்பக்கத்திலிருந்து படிப்பதே முறை. நாம் குடியேறி வாழும் இக்கேரள நாட்டில் அம்முறையைத் தலைகீழாக்கிய குறும்பர் இருவர் உண்டு. ‘மலையாள மனோரமா’ வார இதழின் கடைசிப் பக்கத்தில் நெடுங்காலம் குடியிருந்த போபனும் மோளியுமே அவர்கள். இதழை வாங்கியவர் முதலில் புரட்டியது அப்பக்கத்தையே. மலையாளம் எழுத்துக்கூட்டத் தொடங்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைவிட இனிய அரிச்சுவடி கிடைப்பது அரிது.

இச்சித்திரத் தொடரைப் படைத்தவர், டாம்ஸ் என அழைக்கப்பெற்ற வி. டி. தாமஸ். 1929இல் குட்டநாட்டிலே பிறந்தவர். தம் வீட்டு வளவைக் குறுக்கு வழியாக்கி ஓடித்திரிந்த அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவரைக் கண்டு, அவர்தம் பெயராலேயே வரையத் தொடங்கினார். 1957 முதல் மனோரமா வார இதழில் அவை வெளிவரலாயின.

அங்கே வரும் மாந்தரைப் பாருங்கள்! இரட்டையரின் தந்தை ஒரு வக்கீல், வழக்குத்தான் வருவதில்லை. ஊராட்சித் தலைவரோ வெளியே அதிகாரம் செலுத்துவார். வீட்டில் மனைவி ‘சேட்டத்தி’யின் குரல் கேட்டால் அடங்கிவிடுவார். அவ்வூரின் பெயர் ‘கீழ்க்காந்தூக்கு’. செங்குத்துச் சரிவு என்று பொருள். நிருவாகமும் பெயருக்கு ஏற்றதே! தலைமயிரை வளர்த்துக்கொண்டு காதலுக்கு அலையும் ‘அப்பி ஹிப்பி’ பின்னர் வந்து சேர்ந்தான். பெரியோர் மறைக்க முயலும் உண்மையை இரு சிறுவரும் போட்டுடைப்பர். அதுவே நகைச்சுவை.

இதே காலத்தில் வேறொரு வகையும் தழைத்தது. ரப்பர் வாரியத்தில் அலுவல் பார்த்த ஜி. அரவிந்தன், 1961 முதல் 1973 வரை ‘மாத்ருபூமி’ வார இதழில் ‘சிறிய மனிதரும் பெரிய உலகமும்’ என்னும் பொருள்படும் தொடரை வரைந்தார். அதன் நாயகன் ராமு ஆண்டுதோறும் வளர்கிறான். வேலை தேடி அலைந்த அந்த நேர்மையாளன் சிறிது சிறிதாக உலகத்தோடு சமரசம் செய்துகொள்கிறான். போபனும் மோளியுமோ வளரவே இல்லை. அறிஞர் போற்றுவது ராமுவை. எனக்கு நெருக்கமானவர்கள் வளராத அவ்விருவரே.

வளராத இப்பிள்ளைகள் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டனர். 1987இல் மனோரமாவின் பணியிலிருந்து விலகிய டாம்ஸ், நம் திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த ‘கலாகௌமுதி’யில் அவர்களை வரைய முற்பட்டார். பழைய நிறுவனம் தடை கோரியது. பிள்ளைகள் யாருக்குச் சொந்தம்? சம்பளம் கொடுத்தவருக்கா, வரைந்த கைக்கா? பணிக்காலத்தில் வரைந்த சித்திரங்கள் நிறுவனத்தையே சாரும். ஆயினும் பணியில் சேருமுன்னரே உருவான மாந்தர் ஆதலின், அவர் இனி வரைவதைத் தடுத்தல் ஆகாது என்றது கேரள உயர்நீதிமன்றம். மாதச் சம்பளக்காரர் எவரும் ஊன்றிப் படிக்கவேண்டிய தீர்ப்பு அது. அத்தனை ஆண்டுப் படங்களும் வரைந்தவர் கைக்கு எட்டாமற் போனதே என்று என் மனம் இன்னும் ஆறவில்லை.

டாம்ஸ் பின்னர்த் தாமே நூல்களாகவும் வெளியிட்டார். 2016 ஏப்ரல் 27ஆம் நாள் கோட்டயத்தில் அவர் மறைந்தபோது வயது 86. போபனுக்கும் மோளிக்கும் அன்றும் பள்ளிப் பருவமே.